காலியாக மறுத்த டேங்க்

முப்பத்தொரு வருடம் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் சுழலும் மர டிரம்கள், நீராவிக் குழாய்கள், கழிவுநீர் பம்புகள் எல்லாம் என் கை பட்டவை. ஓய்வு பெற்ற பிறகு ரிப்பேர் செய்ய எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு குழாய் சொட்டினால் வெளியே அலுத்துக்கொள்வேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

என் மனைவி இன்னும் வேலைக்குப் போகிறாள். ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். மணிக்கு எத்தனை ஜோடி முடிந்தது என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவாள். காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ் ஏறினால் இரவு ஏழுக்குத் திரும்புவாள். அதனால் எங்கள் வீட்டில் எந்த வேலையாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் குழாய்க்காக ஒதுக்கப்பட்டிருந்தது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. குழாய்க்குள் உப்பு படிந்து படிந்து, கட்டைவிரல் அளவு வந்துகொண்டிருந்த தண்ணீர் தீக்குச்சி அளவுக்கு இளைத்துவிட்டது. மாதனூரிலிருந்து ஒரு பிளம்பர் வந்து பார்த்தார். வெளிச்சுவரில் ஓடும் பழைய லைனை எடுத்துவிட்டு புதிது போட வேண்டும் என்றார்.

"சார், ஞாயித்துக்கிழம ஒம்பது மணிக்கு வர்றேன். அதுக்குள்ள லைன காலி பண்ணி வெச்சிடுங்க. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஒட்டற பேஸ்ட் புடிக்காது. மேல வால்வ மூடிட்டு கீழ எல்லாக் கொழாயையும் தொறந்து வுட்டீங்கன்னா முடிஞ்சிடும்."

"தெரியும்பா. நான் மெயின்டனன்ஸ்ல இருந்தவன்."

"அப்ப கவல இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் டேங்க் வால்வின் கைப்பிடியைப் பிடித்தேன். வலது பக்கம் திருப்பினேன். திரும்பியது. இன்னும் திருப்பினேன். இன்னும் திரும்பியது. மூடும் வால்வு ஒரு கட்டத்தில் நின்றாக வேண்டும். இது ஃபேன் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

"மூடிட்டீங்களா?" கீழேயிருந்து மனைவி கேட்டாள்.

"மூடிக்கிட்டே இருக்கேன்."

"எவ்ளோ நேரம் மூடுவீங்க?"

உள்ளே இருக்கும் தண்டு உப்பில் அரித்து முறிந்துவிட்டிருந்தது. இனி டேங்கையே முழுசாகக் காலி செய்வதைத் தவிர வழியில்லை. அது ஆயிரம் லிட்டர் டேங்க். முந்தின நாள்தான் விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

கீழே இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னேன். நேராக சாக்கடையில் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்றும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆயிரம் லிட்டர சாக்கடைல வுடப்போறீங்க. அப்படித்தானே?"

அதற்குப் பிறகு அந்த வேலை என் கையை விட்டுப் போய்விட்டது. முதலில் பக்கெட்டுகள், அப்புறம் குடங்கள், தவலைகள். பரணிலிருந்து சீர் வரிசை அண்டா இறங்கியது. பேரனைக் குளிப்பாட்டும் டப் நிறைந்தது. குக்கர், ஹாட் பாக்ஸ், பால் காய்ச்சும் பாத்திரம், மூடி தொலைந்த டிபன் கேரியரின் நான்கு அடுக்குகள் எல்லாம் நிறைந்தன. மிக்சி ஜாரில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். "நிக்காதீங்க, அடுத்தத எடுங்க" என்றாள். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். மீதித் தண்ணீரில் வீட்டிலிருந்த அத்தனை படுக்கை விரிப்புகளும் துவைக்கப்பட்டன. வாசலைக் கழுவினோம், மாடிப்படியைக் கழுவினோம், முருங்கை மரத்துக்கும் தெருமுனை வேப்ப மரத்துக்கும் கொண்டுபோய் ஊற்றினோம்.

ஒன்பது மணிக்கு அவள் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆயிரம் தாண்டிடுச்சி."

நான் மாடிக்குப் போய் டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டேன். முழங்கால் உயரத்துக்கு மேல் நனைந்து வந்தது.

"இன்னும் பாதி இருக்கு" என்று மேலேயிருந்து சொன்னேன்.

"சரியா பாருங்க."

"குச்சிய வுட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப குச்சியில ஏதோ தப்பு."

எனக்கும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. "டேங்க் கம்பெனிக்காரன் கொஞ்சம் ஜாஸ்தி வெச்சி செஞ்சிருப்பான்" என்றேன்.

"ஆயிரத்துக்கு ஆயிரம் ஜாஸ்தியா?"

குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உண்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் டேங்க் சீக்கிரம் காலியாகாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியவைத்தவன் நான்தான்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடும் அவர் வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. இரண்டு சகோதரர்களுக்குச் சொந்தமாக இருந்தது. அவர்கள் நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஆளுக்கொரு போர் போட்டு, பிறகு இருவருமே விற்றுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பாதியை நாங்கள் வாங்கினோம். அடுத்த சில மாதங்களில் மறுபாதியை பாய் வாங்கினார். கையுறை தைக்கும் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறார். அவர் வீட்டில் ஏழு பேர். மொட்டை மாடியில் ஒரு கைப்பிடிச் சுவர்தான் இடையில். அதற்கு அந்தப் பக்கம் அவர் டேங்க், இந்தப் பக்கம் எங்கள் டேங்க். ஒரே அளவு, ஒரே உயர மேடை.

நாங்கள் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் மோட்டார் போடுவோம். பாய் தினமும் இரண்டு தடவை போடுவார். இது என் கண்ணில் பட்ட நாளிலிருந்து அவருக்கு என்னிடமிருந்து தப்ப வழியில்லாமல் போனது. மாடியில் துணி காயப்போட வந்தாலும் பிடித்துக்கொள்வேன். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், ஷவரைக் கழற்றிவிடுங்கள், மிதவையைச் சரிபாருங்கள் என்று தொழிற்சாலையில் நான் கற்றதையெல்லாம் அவரிடம் இறக்கினேன். பாய் பொறுமைசாலி. தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டதோடு நிற்கவில்லை. ஆளுக்கு ஏழு நிமிடம் என்று குளியலுக்கு அட்டவணை எழுதி பாத்ரூம் கதவில் ஒட்டினார். நேரம் தாண்டினால் கதவைத் தட்டுவார். கல்லூரி முடித்த பெரிய மகன் ஏழு நிமிடத்துக்குள் முடிக்க முடியாமல் யூனிட்டுக்குப் போய்க் குளிக்க ஆரம்பித்தான். "உங்களாலதான் சார் எங்க வூட்ல ஒரு ஒழுங்கு வந்துச்சி" என்று பாய் ஒரு தடவை தெருவில் நாலு பேர் முன்னால் சொன்னார். அன்று எனக்கு இரண்டு இட்லி அதிகமாக இறங்கியது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பத்து மணிக்குக் கரன்ட் போனது. பத்தரைக்கு எங்கள் குழாய்கள் உஸ்ஸென்று காற்று விட்டு ஒரு வழியாக நின்றன. சுவரில் கோடு போட இடமில்லை. ஹாலில் நடக்கவும் இடமில்லை. பாத்திரங்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் சமையலறைக்குப் போனது. ஒன்பது மணிக்கு வருகிறேன் என்ற பிளம்பர் இன்னும் வரவில்லை.

அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பாய் நின்றிருந்தார். பழைய லுங்கி, தோளைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவர். தலை, மீசை, தாடி எல்லாவற்றிலும் கறுப்பு டை குழம்பாக அப்பியிருந்தது. சொட்டாமல் இருக்க முகத்தை மேலே தூக்கியபடியே பேசினார்.

"சார், ஒரு பக்கெட் தண்ணி கெடைக்குமா? டேங்க்ல சுத்தமா தண்ணி இல்ல. மோட்டார் போடலாம்னா கரன்ட் இல்ல. இத போட்டு அர மணிக்கு மேல ஆவுது, எரியுது. வாணியம்பாடில ஒரு மணிக்கு நிக்கா."

நான் அவரை உள்ளே கூப்பிட்டேன். வாசலில் நின்று ஹாலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சார், இவ்ளோ தண்ணி?"

"பிளானிங் பாய்" என்றேன்.

"நேத்து நைட்டுதான் சார் முழுசா ரொப்பினேன். எங்க போச்சின்னே தெரில. காலைல எழுந்ததுலேர்ந்து ஒருத்தரும் இன்னும் குளிக்கக்கூட இல்ல."

"ஒரு டேங்க் தண்ணி தானா எங்கயும் போகாது பாய். எங்கயோ லீக் இருக்கு. நான் எத்தன வாட்டி சொல்லியிருக்கேன், லைன செக் பண்ணுங்கன்னு. நிக்கா முடிஞ்சி வாங்க, நானே வந்து பாக்கறேன்."

"வந்து பாருங்க சார்" என்றார் பாய். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். டை கண்ணோரம் வரை வந்துவிட்டிருந்தது.

என் மனைவி என்னை விலக்கிவிட்டு இரண்டு பக்கெட்டைத் தூக்கி அவரிடம் கொடுத்தாள். "பேசறத அப்புறம் பேசலாம். பாவம், அவரு தல வெந்துடும்."

பாய் நன்றி சொல்லிவிட்டு வேகமாகப் போனார். அவர் தண்ணீரையே அவருக்குத் தானம் கொடுத்த திருப்தியில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது அவர் தண்ணீர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு பிளம்பர் வந்தார். ஹாலை எட்டிப் பார்த்து, "வூட்ல ஏதாச்சும் விசேஷமா சார்?" என்றார். வெளிச்சுவருக்குப் போய் பழைய குழாயை ஹேக்சாவால் அறுத்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"சுத்தமா வெச்சிருக்கீங்க சார். நெறைய பேரு காலின்னு சொல்லுவாங்க, வந்து அறுத்தா மூஞ்சில அடிக்கும்."

"நம்மகிட்ட அதெல்லாம் இருக்காது" என்றேன்.

அவர் குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்தார். பேஸ்ட் தடவினார். அந்த நேரம் கரன்ட் வந்தது. ஹாலில் ஃபேன் சுற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் பாய் வீட்டு மோட்டார் உறுமியது. கரன்ட் வந்ததும் ஓடட்டும் என்று சுவிட்சைப் போட்டே வைத்திருந்தார்கள்.

சில நிமிடம் கழித்து, பிளம்பர் புது ஜாயின்ட்டைப் பொருத்தக் குனிந்தபோது, குழாய் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் போட்டது. அவர் என்னவென்று இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். துருவும் உப்புமாகத் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. கட்டைவிரலால் குழாயை அடைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"சார், மோட்டார் போட்டீங்களா?"

"இல்லப்பா."

"மேடம் போட்டாங்களா?"

என் மனைவி இரண்டு கையிலும் தவலையைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நான் எத வெச்சி போடுவேன்?" என்றாள்.

நான் மாடிக்கு ஓடினேன். டேங்குக்குள் எட்டிப் பார்த்தால், மேலிருந்து ஒரு துளியும் விழவில்லை. அடியிலிருந்து தண்ணீர் குமிழியிட்டுப் பொங்கி வந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வருட அனுபவத்தில் எனக்கு முதலில் தோன்றிய காரணத்தை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் ஊற்று வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தண்ணி கீழருந்து ஊறுதுப்பா" என்று கத்தினேன்.

பிறகு பிளம்பர் என்னிடம் பேசாமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "பக்கத்து வூட்ல யாரு? அந்த மோட்டார நிறுத்துங்க."

பாயின் மனைவி நிறுத்தினார். என் டேங்கில் குமிழி அடங்கியது.

பிளம்பர் ஈரச் சட்டையோடு உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். கைப்பிடிச் சுவரின் அடியில் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. அங்கே பூச்சு லேசாகப் புடைத்திருந்தது. தினமும் அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் நான் பேப்பர் படிப்பேன். உடைத்தார். உள்ளே ஒரு பழைய இரும்புக் குழாய், எங்கள் டேங்க் லைனிலிருந்து கிளம்பி சுவருக்கு அடியில் புகுந்து பாய் வீட்டு லைனோடு சேர்ந்திருந்தது.

"ரெண்டும் ஒரே லைன் சார். அண்ணன் தம்பி வூட்ட பிரிச்சாங்க, பைப்ப பிரிக்காம மேல செவுத்த கட்டிட்டாங்க. எந்தப் பக்கம் ரொப்பினாலும் ரெண்டும் ரொம்பும். எந்தப் பக்கம் தொறந்தாலும் ரெண்டும் காலியாவும்."

அதற்குள் பாயும் அவர் பக்கத்து மாடிக்கு வந்துவிட்டார். தலையில் துண்டு. இரண்டு பக்கெட் தண்ணீர் முழுசாகப் போதவில்லை போலிருந்தது. நெற்றியிலும் இரண்டு காதிலும் கறுப்பு வழிந்து காய்ந்திருந்தது. சுவரில் இருந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் மனசுக்குள் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. எனக்குள்ளும் அதே கணக்குதான் ஓடியது.

"அப்போ சார், நான் டெய்லி ரெண்டு வாட்டி மோட்டார் போட்டது..."

"எங்களுக்கும் சேத்துதான் பாய்."

"நீங்க மூணு நாளைக்கி ஒரு வாட்டி போட்டது..."

"ஆமா பாய்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யோசித்து யோசித்துப் பேசினார். "பெரியவன் யூனிட்ல போயி குளிச்சான் சார். மழை காலத்துலகூட."

எனக்கு டேங்கைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. என்னைக் காப்பாற்றியவள் என் மனைவிதான். துவைத்த விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாய், ரெண்டு வருஷம் முன்ன உங்க மோட்டார் எரிஞ்சி பத்து நாள் ரிப்பேர்ல இருந்துச்சே, அப்ப தண்ணிக்கி இன்னா பண்ணீங்க?"

பாய் நினைவுபடுத்திக்கொண்டார். "ஒண்ணும் பண்ணல அக்கா. டேங்க்ல இருந்த தண்ணியே பத்து நாளும் வந்துச்சி. அல்லாவோட பரக்கத், எடுக்க எடுக்க கொறையலன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அந்தப் பத்து நாளும் நாங்க டெய்லி மூணு வாட்டி மோட்டார் போட்டோம். பாத்திரம் கழுவ இன்னாத்துக்கு இவ்ளோ தண்ணின்னு இவரு என்னை ஒரு வழி பண்ணிட்டாரு. கம்பெனிலேர்ந்து வந்து தட்டத்த தொடைச்சி வெச்சேன், கழுவல."

மாடிப்படியில் நின்றிருந்த பாயின் மனைவிதான் முதலில் சிரித்தார். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. என் மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. பாய் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டு அவிழ்ந்து விழுந்தது. நான் கடைசியாகச் சிரித்தேன். வேறு வழியில்லாமல் சிரித்தேன் என்றும் சொல்லலாம்.

"சிரிக்கறது இருக்கட்டும்" என்றார் பிளம்பர். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை, சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "இத அறுத்து ரெண்டு பக்கமும் அடைக்கட்டா, இல்ல நடுவுல ஒரு வால்வு வெக்கட்டா?"

"நீங்களே சொல்லுங்க சார். நீங்கதான் மெயின்டனன்ஸ் ஆளு" என்றார் பாய். கிண்டலே இல்லாமல் சொன்னார்.

அறுத்துவிடலாம், அதுதான் முறை என்று நான் சொன்னேன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றார்கள். யார் வீட்டு மோட்டார் என்றைக்கு எரியும் என்று யாருக்குத் தெரியும், வால்வு இருக்கட்டும், தேவைப்பட்டால் திறந்துகொள்ளலாம் என்று முடிவானது. பிளம்பர் சுவரின் ஓட்டைக்குள்ளேயே, இரண்டு பக்கமிருந்தும் கை எட்டுகிற மாதிரி ஒரு வால்வைப் பொருத்தி, அதை மூடிவைத்தார். என் டேங்குக்கும் புது வால்வு மாட்டினார். பிறகு கீழே போய் சமையலறை லைனை முடித்தார். இரண்டு மணி நேரம் காயவிட்டு மோட்டார் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாய் குடும்பம் அதற்கு முன்பே மீண்டும் இரண்டு பக்கெட் வாங்கித் தலையை அலசிவிட்டு வாணியம்பாடிக்குப் புறப்பட்டது.

மூன்று மணிக்கு மோட்டார் போட்டு டேங்கை நிரப்பினேன். முதல் முறையாக அது எங்கள் வீட்டுக்கு மட்டுமான தண்ணீர். சமையலறைக் குழாயைத் திறந்தேன். இருமியது. தண்ணீர் வரவில்லை.

"ஏர் லாக்" என்றேன். குழாய் காலியாகும்போது காற்று எப்படி உள்ளே மாட்டிக்கொள்கிறது, அது எப்படித் தண்ணீரை மறிக்கிறது என்று மனைவிக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டே குழாயைத் தட்டினேன். வாயை வைத்து ஊதினேன். ரப்பர் டியூபை மாட்டி உறிஞ்சியதில் துரு கலந்த தண்ணீர் ஒரு மடக்கு தொண்டைக்குள் போனதுதான் மிச்சம்.

"வெளக்கம் புரிஞ்சிடுச்சி. தண்ணி எப்ப வரும்?" என்றாள்.

ஐந்து மணிக்கு பாய் திரும்பி வந்து மோட்டார் போட்டார்; டேங்க் நிரம்பியதும் எங்கள் பக்கம் வந்தார். தாடி கருகருவென்று மின்னியது, காது மட்டும் இன்னும் லேசாகக் கறுத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் பக்கத்து மாடிக்கு ஏறினார். ஓட்டைக்குள் கையை விட்டு வால்வைத் திறந்தார். அவர் டேங்கின் அழுத்தம் அந்தப் பக்கமிருந்து தள்ள, என் டேங்குக்குள் பெரிய பெரிய குமிழிகள் கிளம்பின. கீழே சமையலறையில் குழாய் இரண்டு தடவை தும்மிவிட்டுக் கொட்ட ஆரம்பித்தது.

"வந்துடுச்சி" என்று மனைவி கீழேயிருந்து சொன்னாள்.

"மூடிடட்டா சார்?" என்று பாய் கேட்டார்.

"இப்ப வேணாம் பாய். இன்னும் கொஞ்சம் காத்து இருக்கும்" என்றேன்.

காற்று எப்போதோ போய்விட்டது. வால்வை இன்றுவரை மூடவில்லை. காலையில் அவர்கள் மோட்டார் போடுகிறார்கள், சாயங்காலம் நாங்கள். பாத்ரூம் கதவிலிருந்த அட்டவணையை பாயின் மனைவியே கிழித்தாராம். பெரிய மகனைத் தெருவில் பார்த்தபோது, மழைக்காலத்தில் உன்னை யூனிட் வரை நடக்கவைத்துவிட்டேன் என்று நானாகப் போய் வருத்தம் தெரிவித்தேன். "பரவால்ல அங்கிள், அங்க யாரும் கதவ தட்ட மாட்டாங்க. நான் இப்பவும் அங்கதான் குளிக்கறேன்" என்றான்.

போன மாதம் பாய் வீட்டு பாத்ரூமுக்கு டைல்ஸ் மாற்றினார்கள். திரும்பவும் லைனைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒரு வாரம் முன்பே வந்து சொன்னார். வால்வை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்குள், இரண்டு டேங்கையும் சேர்த்துக் கழுவிவிடலாமே என்று பெண்கள் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். மாடியில் உட்கார்ந்து இரண்டும் காலியானதும் குரல் கொடுப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் காலி" என்று கீழே சொன்னேன்.

பாய் மேலே வந்தார். என் டேங்கை எட்டிப் பார்த்தார், அவர் டேங்கை எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பிளம்பருக்கு போன் போட்டார்.